200 கி.மீ சைக்கிள் பயணம்: பையில் இருப்பதெல்லாம் கையில் பழகியிருக்கணும்!

போன வருடம் தை மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மீன் கூடைகள் ஏற்றி வந்த ஒரு குட்டி யானையில் நானும் என் சைக்கிளும் சென்னைக்குத் திரும்பினோம். கூடைகளுக்கு நடுவில் சைக்கிள். டிரைவர் அண்ணாவுக்குப் பக்கத்தில் நான். தலையில் ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை. அழுதது தெரியக் கூடாதே!

அண்ணா கேட்டார், ``ஏம்மா, காத்து இறங்கினதுக்கா இவ்வளவு தூரம் சைக்கிளை ஏத்திட்டுப் போற?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. இந்த வார `கிளம்பலாமா?' பகுதி முழுக்க அந்தப் பதில்தான். முதல்முறையாக ஒரு நீண்டதூர சைக்கிள் நிகழ்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் பிள்ளைகள் யாராவது கொடுத்திருக்கிறார்களா? அப்படியானால் இது உங்களுக்காக.

பந்தயம் இல்லை, ஆனால் கடிகாரம் உண்டு

நான் கலந்துகொண்டது `பி.ஆர்.எம்' எனப்படும் நிகழ்வு. பிரான்ஸில் இருக்கும் `ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்' வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கிறது. முதல், இரண்டாம் பரிசெல்லாம் கிடையாது. குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ-க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் சில இடங்களில் உங்கள் அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்தின் பெரியண்ணன், 1891-ல் முதன்முதலில் நடந்த பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ். இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பயணம் சுமார் 1,200 கி.மீ, அதிகபட்சம் 90 மணி நேரம்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. வழியில் உங்களைப் பின்தொடர்ந்து வந்து உதவ வண்டி கிடையாது. கடையில் டீ குடிக்கலாம், பஞ்சர் ஒட்டலாம், உடன் ஓட்டுகிறவரிடம் உதவி கேட்கலாம். மற்றபடி உங்கள் சைக்கிளுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கி.மீ-ஐப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க, சராசரியாக மணிக்கு 15 கி.மீ-க்கும் குறைவான வேகம் போதும். மணிக்கு 20 கி.மீ-ல் ஓட்டினால் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சம் மூன்றரை மணி நேரம். டீ, சாப்பாடு, பாத்ரூம், கால் வலி, பஞ்சர் எல்லாம் அந்த மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலும் வேகம் போதாமல் யாரும் தோற்பதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாமல்தான் தோற்கிறார்கள். என்னைப் போல.

அன்று என்ன நடந்தது?

காலை 6 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பி, மரக்காணத்தை நெருங்கும் இடத்தில் திரும்பிவிட்டேன். கடப்பாக்கம் தாண்டி, 118-வது கி.மீ-ல் பின்சக்கரத்தில் `புஸ்ஸ்...' சீமைக் கருவேல முள். மணி 1.40. மீதம் 82 கி.மீ, கையில் 5 மணி 50 நிமிடம். பதற்றமே இல்லை. என் பையில்தான் புது டியூப், புது பம்ப் இரண்டும் இருந்தனவே!

டியூப் டப்பாவை அங்கேதான் முதன்முதலாகப் பிரித்தேன். அதன் வால்வு, பைக், கார் டயரில் இருப்பதைப் போன்ற தடித்த வகை. என் ரிம்மில் இருந்த துளையோ ஒல்லி வால்வுக்கானது. உள்ளேயே போகவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்த தாத்தா பத்தே நிமிடத்தில் பழைய டியூபை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஆனால், காற்றடிக்க அவருடைய பம்ப் அந்த ஒல்லி வால்வில் பிடிக்கவில்லை. என் பம்பும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் போராடினோம். வேறு பம்ப்போடு யாராவது வருவார்களா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குப் பின்னால் யாருமே இல்லை. நான்கு மணி ஆனபோது மனசு விட்டுப்போனது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? என் பம்பின் தலையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் துண்டைத் திருப்பிப் போட்டால் ஒல்லி வால்வுக்கும் பொருந்தும். டப்பாவோடு வந்த தாளில் படமே போட்டிருந்தது. அந்தத் தாள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அப்பாவின் ரெக்ஸின் பை

வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டினார். அப்பா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பரணிலிருந்து ஒரு பழைய ரெக்ஸின் பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அவருடைய ஹெர்குலிஸ் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் தொங்கிய பை. உள்ளே ஒரு ஸ்பேனர், உப்புத்தாள், காய்ந்துபோன சொல்யூஷன் டியூப், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் துண்டுகள், ஒரு தீப்பெட்டிக்குள் சுருட்டிய வால் டியூப்.

``இருபது வருஷம் இதோடதான் அம்பத்தூருக்கு வேலைக்குப் போனேன். இதுல இருக்கிற ஒவ்வொண்ணையும் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். நீ பையைக் கடையில வாங்கின, பழகினது எங்கம்மா?"

அன்று இரவே ஹாலில் பழைய போர்வையை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வைத்தார். முதல்முறை எனக்கு 47 நிமிடம். வாரத்துக்கு ஒரு நாள் இதே வேலை. பத்தாவது முறை 14 நிமிடம். அதற்கப்புறம் லைட்டை அணைத்துவிட்டு, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஒருமுறை. `வீட்டுல கரன்ட் கட்டா?' என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று வாரம் முன்பு: சைக்கிள்

பெரிய விலைக்குப் புது சைக்கிள் தேவையில்லை. இருப்பதைத் தெரிந்த கடையில் ஒருமுறை முழுசாக சர்வீஸ் செய்துவிடுங்கள். நிகழ்வுக்கு முந்தின நாள் சர்வீஸுக்கு விடாதீர்கள். புதிதாக மாட்டிய கேபிள் ஓட்ட ஓட்டச் சற்றுத் தளரும். கியர் தாறுமாறாக விழும். சர்வீஸுக்குப் பிறகு 100 கி.மீ-யாவது ஓட்டிப் பார்க்க நேரம் வேண்டும்.

டயரை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு, வெடிப்பு, உள்ளே புதைந்த கண்ணாடித் துண்டு இருந்தால் தெரியும். நூல் தெரிகிற டயர் என்றால் மாற்றிவிடுவது நல்லது. பிரேக் கட்டையில் இருக்கும் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும்போது ஆடினால், கடையில் பெண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

செயினுக்கு அதற்கென்றே விற்கும் ஆயில்தான் நல்லது. சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து ஊற்றினால் கடற்கரை மணல் முழுக்க செயினில் ஒட்டிக்கொள்ளும். (செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) முந்தின நாளே ஆயில் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

சீட் உயரம் சரியில்லை என்றால் நூறு கி.மீ-க்குள் முட்டி சொல்லிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைப்போம், அப்போது முட்டி லேசாக மடங்கி இருக்கும்.

இரண்டு வாரம் முன்பு: உடை

இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. குறிப்பாகப் பெண்களிடம். எட்டு, பத்து மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தால் தோல் உராய்ந்து புண்ணாகும். அதைத் தவிர்க்கத்தான் பஞ்சு வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ். அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் முதலில் உராயும். இது தெரியாமல் நான் மூன்று மாதம் அவஸ்தைப்பட்டேன். ஷார்ட்ஸ் மட்டும் போட்டுக்கொள்ளச் சங்கடமாக இருந்தால், மேலே ஒரு தளர்வான பேன்ட் போட்டுக்கொள்ளலாம். அது செயினில் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். உராயும் இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இடுப்பு எலும்பின் அமைப்பு வேறு என்பதால், வண்டியோடு வரும் சீட் பலருக்கு ஒத்துவராது. சற்று அகலமான சீட்டுக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு மரத்துப்போவது நின்றது. மெத்து மெத்தென்று இருக்கும் சீட் கடையில் சுகமாக இருக்கும், ஐம்பது கி.மீ தாண்டினால் அதுவே அழுத்தும். மாதவிடாய் நாளோடு தேதி மோதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மோதினால், அன்று எதைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதோடு ஒருமுறை 50 கி.மீ-யாவது ஓட்டிப் பாருங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல், அதிகபட்சம் இரண்டு விரல் நுழையலாம்.

ஒரு வாரம் முன்பு: பஞ்சர் பை

சீட்டுக்கு அடியில் மாட்டும் சின்னப் பையில் இவை இருந்தால் போதும்: இரண்டு டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவர் இரண்டு, பஞ்சர் ஒட்டும் செட், ஆலன் கீ செட், ஒரு ஜோடி ரப்பர் கையுறை. பம்ப்பை சைக்கிள் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம்.

டியூப் வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அளவு. டயரின் பக்கவாட்டில் 700×28 என்பதுபோல எழுதியிருக்கும். டியூப் டப்பாவில் இருக்கும் அளவுக்குள் அது வர வேண்டும். இரண்டு, வால்வு. தடித்ததற்கு ஷ்ரேடர் என்று பெயர், ஒல்லியானதற்கு பிரெஸ்டா. ஒல்லி வால்வின் மேல் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். ஒல்லி வால்வுக்கு மேல் மாட்டும் பித்தளை அடாப்டர் ஒன்று விரல்நுனி அளவில் கிடைக்கிறது. அதை மாட்டினால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். அன்று அது ஒன்று என்னிடம் இருந்திருந்தால், மீன் வண்டியில் வந்திருக்க மாட்டேன்.

மிக முக்கியம்: புது டியூபை மாட்டும் முன், டயரின் உள்பக்கத்தை மெதுவாகத் தடவி முள்ளைக் கண்டுபிடித்து எடுங்கள். எடுக்காவிட்டால் அதே முள் புது டியூபையும் குத்தும்.

காற்றின் அளவும் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். என் எடைக்கும் என் டயருக்கும் முன்னால் 70, பின்னால் 75 பி.எஸ்.ஐ சரியாக இருக்கிறது. உங்களுக்கு எது சரி என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அம்மாவுக்கான பகுதி: வெளிச்சம்

``ராத்திரி ஏழு மணிக்கு இ.சி.ஆர்-ல பொம்பளப் புள்ள சைக்கிள் ஓட்டுறதா?" இது அம்மா. நியாயமான பயம்தான். ஜனவரியில் சென்னையில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். 6 மணிக்குக் கிளம்பினால் கடைசி நேரம் இரவு 7.30. கடைசி ஒன்றரை மணி நேரம் இருட்டில்தான்.

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டுக்கும் மாற்று லைட், மேலே பளபளக்கும் ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட். இருட்டில் ஓட்ட இவை விதியாகவே கேட்கப்படும். சிவப்பு விளக்கைப் பை மறைக்கிறதா என்று பின்னால் நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தெருமுனையில் நின்று அந்த வேலையைச் செய்தது அம்மா. ``தெரியுது, நல்லாத் தெரியுது" என்று அவர் சொன்ன பிறகுதான் வீட்டில் பேச்சு சுமுகமானது. லைட்டை முழு சார்ஜில் போட்டு, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

தண்ணீர், சாப்பாடு, சட்டைப்பை

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. சைக்கிளில் இரண்டு பாட்டில், ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ, அதே அளவில் கலக்குங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் நல்லதல்ல, வியர்வையில் போகிற உப்பும் திரும்ப வர வேண்டும்.

முதல் வருடம், யாரோ சொன்னார்கள் என்று வெளிநாட்டு எனர்ஜி ஜெல் வாங்கிக் குடித்து, வயிறு கலங்கி அரை மணி நேரம் போனது. இந்த வருடம் அம்மா செய்த பொடி இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய். மூன்றையும் பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பழகியிருந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம் உள்ளே போனால் கால் துவளாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

சட்டைப்பையில் போன், சின்ன பவர் பேங்க், சில்லறை நோட்டுகள், அடையாள அட்டை. ஒரு துண்டுச் சீட்டில் பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். போன் பூட்டியிருந்தாலும் அந்தச் சீட்டு பேசும்.

முந்தின நாள் இரவு

எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, ஒரு போட்டோ எடுங்கள். அதன் பிறகே ஒவ்வொன்றாகப் பைக்குள். கடைசியாக மூன்று சோதனை: காற்று, பிரேக், செயின். வேலை முடிந்தது. `இதையும் வாங்கலாமே' என்று அப்போது தோன்றுகிற எதையும் வாங்காதீர்கள். புது ஷூ, புது சீட், புது ஷார்ட்ஸ், புது சாப்பாடு எதற்கும் அன்று முதல் நாளாக இருக்கக் கூடாது.

இந்த வருடம்...

அதே தை, அதே சாலை. போகும்போது முதுகைத் தள்ளிக்கொடுத்த வாடைக் காற்று, திரும்பும்போது முகத்துக்கு நேரே நின்றது. கோவளத்தை நெருங்கும்போது மணி 5.05, மீதம் 28 கி.மீ. சாலையோரம் ஒரு கல்லூரிப் பையன் சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டு நின்றிருந்தான். எண் அட்டை மாட்டியிருந்தான்.

``பஞ்சர்க்கா. டியூப் இருக்கு, பம்ப் இருக்கு. பின்வீல் கழட்டத் தெரியல."

என்னைவிட நல்ல பை அவனிடம் இருந்தது. சரியான வால்வு, சரியான அளவு. எதையும் பிரித்ததே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். இறங்கினேன். நான் சொல்லச் சொல்ல அவன்தான் செய்தான். டயருக்குள் தடவச் சொன்னேன். விரலில் முள் தட்டுப்பட்டதும் ``ஆ" என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது மணி 5.22.

முட்டுக்காடு பாலத்தில் இருட்டத் தொடங்கியது. நான்கு விளக்குகளையும் போட்டுக்கொண்டு முன்னும் பின்னுமாக ஓட்டினோம். நான் அட்டையைக் கொடுத்தபோது மணி 7.04. கெடு முடிய 26 நிமிடம் மிச்சம். அவன் இரண்டு நிமிடம் பின்னால் வந்தான்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். ``பஞ்சர் ஆச்சா?" என்றார்.

``எனக்கு ஆகலப்பா."

பையைத் திறந்து பார்த்தார். இரண்டு டியூபும் அப்படியே இருந்தன. ``சரி, செயினைத் துடைச்சுட்டு உள்ள வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் சைக்கிள் பையைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள்? இந்த ஞாயிறு, ஹாலில் ஒரு போர்வையை விரியுங்கள். முதல்முறை 47 நிமிடத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம் வேறொரு பயணத்தில் சந்திப்போம்!